சிவப்புக் கோடுகள் எங்கிருந்து வந்தன
நியோவிம் எடிட்டரில் கிளாங்டியை (சி++ கோடைப் படித்துத் தவறுகளைக் காட்டும் லாங்குவேஜ் சர்வர்) இணைத்துவிட்டு ஒரு சி++ ஃபைலைத் திறந்தேன், மேலிருந்து கீழ்வரை சிவப்புக் கோடு. அதே கோட் டெர்மினலில் ஒரு எரர் இல்லாமல் கம்பைல் ஆகிறது! முதல் எரர் இன்க்ளூட் வரியில், ஹெடர் ஃபைல் கிடைக்கவில்லை என்று. மற்றதெல்லாம் அதன் தொடர்ச்சி. ஒரு மாலை முழுக்க எடிட்டர் கான்ஃபிகை மாற்றி மாற்றிப் பார்த்தேன். தப்பு அங்கே இல்லவே இல்லை.

லாங்குவேஜ் சர்வர் ஒரு தனி ப்ராசஸ். இந்த ஃபைலைத் திறந்திருக்கிறேன், இந்த வரி மாறிவிட்டது, இந்த ஃபங்ஷன் எங்கே இருக்கிறது என்று எடிட்டர் அதனிடம் ஜேசன்-ஆர்பிசி என்ற செய்தி வடிவில் சொல்லும், கேட்கும். மைக்ரோசாஃப்ட் 2016-ல் இந்தப் பேச்சுக்கான விதிகளை, அதாவது லாங்குவேஜ் சர்வர் ப்ரோட்டோகாலைப் பொதுவில் வைத்ததால்தான் ஒரே கிளாங்டியை விஎஸ் கோடிலும் ஈமேக்ஸிலும் நியோவிமிலும் ஓட்ட முடிகிறது. எடிட்டர் பக்கத்து வேலை கொஞ்சம்தான்: எந்த கமாண்டை ஓட்டுவது, எந்த ஃபைல் வகைக்கு, ப்ராஜெக்டின் ரூட் ஃபோல்டரை எதை வைத்துக் கண்டுபிடிப்பது. நியோவிம் 0.11-ல் இதற்கு ப்ளகின்கூட வேண்டாம்.

ஆனால் கோடை எப்படி பில்ட் செய்கிறோம் என்பது கிளாங்டிக்குத் தானாகத் தெரியாது. ஹெடர்கள் எந்த ஃபோல்டரில், எந்த சி++ வெர்ஷன், என்னென்ன ஃப்ளாக், எல்லாம் கம்பைல் கமாண்ட்ஸ் என்ற ஜேசன் ஃபைலில் இருக்க வேண்டும்; அது இல்லையென்றால் பாவம், ஊகித்துத்தான் ஓட்டும். சிமேக் என்ற பில்ட் கருவியில் எக்ஸ்போர்ட் கம்பைல் கமாண்ட்ஸ் ஆப்ஷனை ஆன் செய்து, பில்டை ஓட்ட நிஞ்சாவோ மேக்ஃபைலோ வைத்து கான்ஃபிகர் செய்தால் பில்ட் ஃபோல்டருக்குள் அந்த ஃபைல் வந்துவிடும். ஃபோல்டரின் பெயர் 'பில்ட்' என்றே இருந்தால் கிளாங்டி தானே தேடி எடுத்துக்கொள்கிறது, நான் வேறு பெயர் வைத்திருந்ததால் ரூட்டில் ஒரு சிம்லிங்க் (அந்த ஃபைலைச் சுட்டும் இணைப்பு) போட வேண்டியிருந்தது. சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன், சிவப்பு மொத்தமும் போய், உண்மையிலேயே பயன்படாத ஒரு வேரியபிளுக்கு மட்டும் ஒரு வார்னிங் நின்றது. அவ்வளவு சந்தோஷம்.

பைத்தானிலும் இதே கதைதான். பைத்தானுக்கான லாங்குவேஜ் சர்வரான பைரைட், 'இம்போர்ட்டைக் காணோம்' என்றால் பெரும்பாலும் அது உங்கள் வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டை (அந்த ப்ராஜெக்டுக்கென்று தனியாக வைத்த பைத்தானை)ப் பார்க்காமல் சிஸ்டம் பைத்தானைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அதனால் இப்போதெல்லாம் கான்ஃபிகைத் தொடும் முன் நியோவிமின் செக்ஹெல்த் கமாண்டை ஓட்டி, சர்வர் இந்த ஃபைலோடு இணைந்திருக்கிறதா, எந்த ஃபோல்டரை ரூட் என்று எடுத்திருக்கிறது என்று பார்த்துவிடுகிறேன். அப்புறம் இன்னொன்று, கிளாங்டி தன் இன்டெக்ஸை ப்ராஜெக்டுக்குள்ளேயே ஒரு கேஷ் ஃபோல்டரில் எழுதி வைக்கும், அதை கிட் கண்டுகொள்ளாமல் விட வேண்டியவற்றின் பட்டியலான கிட் இக்னோரில் சேர்த்துவிடுங்கள்.