கல்லடியில் ஓர் எரிமலை: மூன்று ஞாயிறுகள்

முதல் ஞாயிறு வீணாய்ப் போனது. வாவிக் கரையிலிருந்து களிமண் அள்ளிவந்து, யோகட் கோப்பையைச் சுற்றிக் கூம்பு எழுப்பி, அப்பச்சோடாவும் வினாகிரியும் விட்டேன். நுரை சோம்பலாக வழிந்தது. "மாமா, வெடிக்கும் என்றீர்களே?" என்றான் அக்காவின் மகன். நியாயமான கேள்விதான். பாடசாலைக் கண்காட்சியில் காலங்காலமாகக் காட்டப்படும் இந்த நுரைக்கும் எரிமலைக்குள் நடப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்த ஞாயிறு சோடாப் போத்தல். மூடியிருக்கும்வரை பளிங்குபோல் தெளிவு. குலுக்கித் திறந்தேன், முற்றத்துச் செவ்வரத்தை நனைந்தது. இது பரவாயில்லை. ஆழத்தில் பாறைகளின் அழுத்தத்தால் நீராவியும் காபனீரொட்சைட்டும் பாறைக்குழம்பில் கரைந்து கிடக்கின்றன. குழம்பு மேலேற அழுத்தம் குறைகிறது, குமிழிகள் பிறந்து பருக்கின்றன. 1980 மே 18இல் அமெரிக்காவின் சென் ஹெலன்ஸ் எரிமலையில் வடபக்கச் சரிவு இடிந்து விழுந்தது, மூடி கழன்றது போலத்தான்.

ஆனால் ஹவாயில் குழம்பு பெரும்பாலும் ஆறாக ஓடுகிறதே? அதற்காக மூன்றாவது ஞாயிறு அடுப்படிக்குப் போனேன். ஒரு சட்டியில் தண்ணீர், மற்றதில் கெட்டியான அரிசிமாக் கூழ். தண்ணீரில் குமிழிகள் வந்த வேகத்தில் உடைந்து போயின. கூழோ வெகுநேரம் அசையவில்லை. பிறகு நடுவில் மெல்லப் புடைத்தது, தோல் மினுங்கி இழுபட்டது, 'பொளக்'! ஒரு துளி என் மணிக்கட்டில், இன்னொன்று சுவரில். அம்மா இருவரையும் அடுப்படியை விட்டுக் கலைத்துவிட்டார்.

நான் தேடியது அந்தப் புடைப்பைத்தான். ஹவாய்க் குழம்பில் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள், ஏறத்தாழ 50 சதவீதம். இளகலாக இருப்பதால் வாயு இலகுவாகத் தப்பிவிடும். சிலிக்கா கூடக்கூடக் குழம்பு இறுகும், வாயு சிறைப்படும், கடைசியில் குழம்பையே சாம்பலாகச் சிதறடித்து வெளியேறும். 1883இல் இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலை வெடித்த சத்தம் சுமார் 4,800 கிலோமீற்றர் தள்ளியிருந்த ரொட்ரிகஸ் தீவில் கேட்டது; அது எழுப்பிய கடல் அலைகள் இலங்கைக் கரையையும் தொட்டன.

"அப்போ மகாஓயா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கீழே எரிமலையா?" என்றான் பயல். இல்லை. ஆழத்துக்கு இறங்கிய நீர் நிலத்தின் சூட்டில் காய்ந்து திரும்பி வருகிறது, அவ்வளவுதான். அவனுக்கு ஏமாற்றம். கூழ்ச் சட்டியை இறுக்க மூடிப் பார்ப்போமா என்று கேட்கிறான். அந்த ஞாயிறு வராது.