கோஹிபா பாதி விலை!
ஹவானாவில் பத்தடி நடப்பதற்குள் ஒருவர் வந்து, "கோஹிபா, பாதி விலை!" என்று காதருகே கிசுகிசுக்கிறார். கோஹிபா கியூபாவின் பேர்போன சுருட்டு. சரி, பார்ப்போமே என்று பெட்டியை வாங்கித் திருப்பினேன். அசல் என்றால் அடியில் தொழிற்சாலைக் குறியீடும் மாதமும் வருடமும் குத்தியிருக்க வேண்டும். மொட்டையாக இருந்தது. கும்பிடு போட்டுவிட்டு நேரே அரசு சுருட்டுக் கடைக்கு நடந்தேன்.

அங்கே வேறு குழப்பம். பார்தகாஸ் டி 4 என்கிற சுருட்டு குட்டை, குண்டு, நல்ல காரம். வருடத்துக்கு இரண்டு சுருட்டு பிடிக்கிற எனக்கு அது தலைசுற்றலில்தான் முடியும். ஓயோ தெ மோன்தெர்ரே எபிக்யூர் 2 அதே பருமன்தான், ஆனால் சாது. விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தேன். கட்டி தட்டாமல் ஒரே சீராக அமுங்கியது. அதில் மூன்று வாங்கினேன். மச்சானுக்கு மட்டும் மொன்தேகிறிஸ்தோ 4, 129 மில்லிமீட்டர் நீளம். அவர் எப்படியும் பாதியில் அணைத்துவிடுவார்!