பாபிக்குத் தெரிந்துவிட்டது

ஜூலை 7, 2024, ஞாயிறு

சாப்பாட்டுக்குப் பிறகு மகளோடு உட்கார்ந்து ‘தி ரயில்வே சில்ட்ரன்’ பார்த்தேன். 1970இல் வந்த படம். அதுவரை நடிகராக மட்டுமே இருந்த லயனல் ஜெஃப்ரீஸ் முதன்முதலாக இயக்கியது, திரைக்கதையும் அவருடையதுதான். மூலம், ஈ. நெஸ்பிட் எழுதி 1906இல் புத்தகமாக வந்த சிறுவர் நாவல்.

லண்டனில் வசதியாக வாழும் குடும்பம். வெளியுறவுத் துறை அதிகாரியான அப்பாவைத் தேடி ஓர் இரவு இரண்டு பேர் வருகிறார்கள். அவர்களோடு போனவர் திரும்பவில்லை. அம்மா மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிராமத்து வீடு ஒன்றுக்குக் குடிபோகிறார். கதைகள் எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பி, வரும் பணத்தில் குடித்தனம் நடக்கிறது. பிள்ளைகளுக்குப் பொழுது போவது பக்கத்து ரயில் பாதையில். அப்பா எங்கே? யாரும் சொல்வதில்லை.

மண்சரிவு வருகிறது, பெண்கள் இருவரும் சிவப்பு உள்பாவாடைகளைக் கழற்றிக் கிழித்துக் கொடியாக ஆட்டி ரயிலை நிறுத்துகிறார்கள். எல்லோருக்கும் நினைவிருப்பது அந்தக் காட்சிதான். என் மகளும் சோபாவை விட்டு எழுந்து நின்றுவிட்டாள். எனக்கு அதைவிடப் பெரிய காட்சி வேறு. பழைய பத்திரிகைகளைச் சுற்றி வந்த செய்தித்தாளில் மூத்தவள் ராபர்ட்டா (வீட்டில் பாபி) அப்பாவின் பெயரைப் பார்த்துவிடுகிறாள். அரசு ரகசியங்களை விற்ற குற்றம், சிறைத் தண்டனை. அப்புறம் அவள் அம்மாவிடம் போகிறாள். இருவரும் பேசிக்கொள்கிறார்கள். தம்பி தங்கைக்குத் தெரியாது.

படுக்கப் போகும்போது மகள் கேட்டாள்: “அப்பா, அம்மா ஏன் முதல்லயே சொல்லலை?” நாளைக்குப் பேசலாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

நூலகத்தில் நாவல் கிடைத்தது. அலுவலகம் விட்டு வந்ததும் பாதிவரை படித்தேன்.

அந்த ‘ஏன்’ நாவல் முழுக்க ஓடுகிறது. அம்மா பொய் சொல்வதில்லை. அப்பா ஒரு வேலையாகப் போயிருக்கிறார், கேள்வி கேட்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார், அவ்வளவுதான். பிள்ளைகளும் கேட்பதில்லை. கேட்காமல் இருக்க எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதை நெஸ்பிட் விடாமல் எழுதிக்கொண்டே போகிறார். குழந்தைகளுக்கான கதையில் இதைச் செய்ய ரொம்பத் துணிச்சல் வேண்டும்.

நெஸ்பிட்டின் சொந்த வாழ்க்கையைப் பார்த்தால் இது எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கலாம். 1858இல் பிறந்தவர், நான்கு வயது நிறையும் முன்பே தந்தை இறந்துவிட்டார். கதையில் சைபீரியச் சிறையிலிருந்து தப்பி, மனைவியையும் பிள்ளைகளையும் தேடிக்கொண்டு வரும் ரஷ்ய எழுத்தாளர் ஒருவர் உண்டு. நெஸ்பிட், ஃபேபியன் சங்கம் என்ற பிரிட்டிஷ் சோஷலிஸ்ட் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். லண்டனில் அடைக்கலம் தேடி வந்த ரஷ்யப் புரட்சியாளர்கள் அவருக்குப் பழக்கம். அவர்களில் ஸ்டெப்னியாக் 1895இல் ரயில் பாதையைக் கடக்கும்போது அடிபட்டு இறந்தார். பதினொரு ஆண்டுக்குப் பிறகு வந்த இந்தப் புத்தகத்தில் ரயில் எல்லோரையும் கொண்டுவந்து சேர்க்கிறது. நெஸ்பிட் நினைத்தே செய்தாரா தெரியாது. படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

படத்தில் இல்லாத பகுதிகளும் இருக்கின்றன. கால்வாய்ப் படகில் தீப்பிடித்து, உள்ளே இருக்கும் குழந்தையைப் பிள்ளைகள் காப்பாற்றும் அத்தியாயம் ஒன்று. ஜெஃப்ரீஸ் அதை விட்டது சரிதான். ஒரே கோடையில் இரண்டு பெரிய வீரச் செயல் என்றால் நம்புவது கஷ்டம்.

ஜூலை 13, சனி

படம் எடுத்த பாதையைப் பார்க்கக் கிளம்பினோம். வட இங்கிலாந்தின் லீட்ஸிலிருந்து கீத்லிக்கு ரயில். அதே நிலையத்தின் இன்னொரு நடைமேடையில் நீராவி வண்டி நிற்கிறது. கீத்லி முதல் ஆக்ஸன்ஹோப் வரை ஐந்து மைல் பாதை. 1867இல் திறந்தது. 1962இல் பிரிட்டிஷ் ரயில்வே பயணிகள் வண்டியை நிறுத்தியது. ஊர்க்காரர்களும் ரயில் பிரியர்களும் சங்கம் அமைத்து 1968இல் மறுபடி ஓடவிட்டார்கள். இரண்டே ஆண்டில் படம் வந்தது, கூட்டமும் வந்தது. இன்றும் பெரும்பாலும் தொண்டர்கள்தான் ஓட்டுகிறார்கள்.

படத்தின் ஸ்டேஷன் ஓக்வொர்த். காஸ் விளக்கு, லெவல் கிராசிங் கேட், பழைய விளம்பரத் தகடுகள் எல்லாம் இருக்கின்றன. மகள் கேட் பக்கத்தில் நின்று, பெர்க்ஸ் இங்கேதான் நிற்பார் என்றாள். ரயில்வே ஊழியர் பெர்க்ஸாக பெர்னார்ட் கிரிப்பின்ஸ். பிறந்த நாளுக்கு ஊரெல்லாம் கேட்டு வாங்கி வந்த பரிசுகளைப் பார்த்ததும் அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். பிச்சை என்று நினைத்துவிடுகிறார். யார் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறும். ஏழையின் மானத்தைச் சிறுவர்களுக்கு இவ்வளவு மரியாதையோடு காட்டிய படங்கள் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

ஹாவொர்த்தில் இறங்கி மேலே ஏறினால், நாவலாசிரியைகளான பிராண்டி (Brontë) சகோதரிகள் வாழ்ந்த பாதிரியார் இல்லம். படத்தில் அதுதான் டாக்டர் வீடு. மழை பிடித்துக்கொண்டது, உள்ளே போகவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

கடைசிக் காட்சியை மட்டும் திரும்பப் பார்த்தேன். வண்டி போகிறது. நடைமேடை முழுக்க நீராவி. அது கலையக் கலைய ஓர் ஆள் நிற்பது தெரிகிறது. பாபி “டாடி, மை டாடி!” என்று கத்திக்கொண்டு ஓடுகிறாள். இந்த ஓட்டத்துக்கு வலு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தேன். ஓடுவது பாபி, மற்ற இருவரும் இல்லை. உண்மையைத் தெரிந்துகொண்டு, சின்னவர்கள் எதிரில் சிரித்து விளையாடி, ராத்திரியில் தனியாகச் சுமந்தவள் அவள். அந்தப் பாரத்தை இறக்கும் குரல் அது. தங்கை ஃபில்லிஸ் ஓடியிருந்தால் எனக்குச் சந்தோஷம் மட்டும் வந்திருக்கும்; அழுகை வந்திருக்காது.

நாவலின் முடிவில் அப்பா வீட்டுக்குள் போனதும் கதவு மூடிக்கொள்கிறது. இப்போது நம்மை அங்கே யாருக்கும் வேண்டியிருக்காது, சத்தமில்லாமல் போய்விடுவோம் என்று நெஸ்பிட் வாசகரைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். படமும் நம்மை உள்ளே அழைத்துப் போவதில்லை. பிறகு நடிகர்கள் எல்லோரும் ரயில் முன்னால் நின்று நம்மைப் பார்த்துக் கையாட்டுகிறார்கள்.

மகளுக்கு இன்று பதில் சொன்னேன். சொன்னால் பிள்ளைகளும் பயத்தோடு வாழ வேண்டிவரும் என்று அந்த அம்மா நினைத்தார் என்றேன். “பாபிகிட்ட சொல்லியிருக்கலாம்பா. அவ தனியா பேப்பர்ல படிச்சது பாவம்,” என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஜூலை 19, வெள்ளி

பாபியாக நடித்த ஜென்னி அகட்டருக்கு அப்போது வயது 17. தங்கையாக வந்த சாலி தாம்செட்டுக்கு 20! திரையில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அகட்டர் 1968இல் பிபிசி தொடரிலும் இதே பாபிதான். 2000இல் வந்த தொலைக்காட்சிப் படத்தில் அம்மா வேடம். 2022இல் ‘தி ரயில்வே சில்ட்ரன் ரிட்டர்ன்’ படத்தில் வயதான பாபி.

அந்த 2000ஆம் ஆண்டுப் படத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். பழைய செய்தித்தாளில் உண்மையைப் படித்த பெண், முப்பது வருடம் கழித்து அதைச் சொல்லாமல் மறைக்கும் தாயாக நடிக்கிறார். அந்த முகத்தை நான் பார்த்தே ஆகவேண்டும். டைனா ஷெரிடன் 1970இல் செய்த அம்மாவை மிஞ்சுவது சுலபம் இல்லை. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.