பழைய வண்டிக்குப் புது ஆயில்

"இந்த வண்டிக்கா கியர் ஆயில் மாற்றப் போகிறீர்கள்? பேசாமல் காயலான் கடைக்கு அனுப்பிவிடுங்கள்." இங்கே எட்மன்டனில் ஒரு பட்டறைக்காரர் இப்படிச் சொன்னதும் சுருக்கென்றது. 2002ஆம் வருடத்து பிக்கப். ஆட்டோமேட்டிக் கியர் தயங்கித் தயங்கி விழுகிறது, அவ்வளவுதான். இன்ஜின் இன்னும் நன்றாக இருக்கிறது. பேனட்டைக்கூடத் திறக்காமல், வருடத்தைக் கேட்டே தீர்ப்பு சொல்லிவிட்டார்.

கனடாவில் மற்றதெல்லாம் பழகிவிட்டது. மைனஸ் முப்பதில் இரவு வண்டியின் இன்ஜினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டரைப் பிளக்கில் மாட்டிவிட்டுத் தூங்குவதுகூட, ராத்திரி வாசல் கதவைத் தாழ் போடுகிற மாதிரி கை தானாகச் செய்கிறது. ஆனால் பழசு என்றாலே குப்பை என்கிற இந்தப் பேச்சு மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. காட்பாடியில் தாய்மாமா பட்டறைக்கு வராத பழசா? குடியாத்தத்துக்கும் ராணிப்பேட்டைக்கும் லோடு அடித்துத் தேய்ந்துபோன லாரிகளைப் பிரித்துப் போட்டு, மண்ணெண்ணெயில் கழுவி, மறுபடி ரோட்டில் விடுவார். "ஆவாது" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. வடித்த ஆயிலைக்கூடக் கொட்ட விடமாட்டார். கரையானுக்குப் பூச யாராவது டப்பாவோடு வந்து நிற்பார்கள்.

சனிக்கிழமை காலை வாணியம்பாடிக்கார நண்பர் உதவிக்கு வந்தார். மாமாவை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே இரவு எட்டு மணி.

என் வண்டியில் கியர் பாக்ஸுக்கு அடியில் இருக்கும் ஆயில் தட்டில், அதாவது பேனில், வடிகால் போல்ட் கிடையாது. ஒரு பக்கத்து போல்ட்டுகளைக் கழற்றி, மறுபக்கத்தைத் தளர்த்தி, பேனைச் சாய்த்துத்தான் வடிக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கியருக்கான ஆயிலை ஏடிஎஃப் என்பார்கள். புதுசு நல்ல சிவப்பு. எங்களுக்கு வந்தது பழுப்பு, லேசான தீய்ந்த வாசனை. மாமா போனுக்குள் முகத்தை நுழைத்து, "இன்னா மாப்ள, கியர் ஆயில் இவ்ளோ தண்ணியா கீது?" என்றார். அவருக்குத் தெரிந்தது கெட்டியான தொண்ணூறாம் நம்பர் ஆயில். "மாமா, இதுல கிளட்ச் பெடல் இல்ல. இந்த ஆயிலோட அழுத்தம்தான் உள்ள இருக்கிற கிளட்சுங்களப் புடிச்சி கியர மாத்துது. இன்ஜின் சுத்துறதைக் கியர் பாக்ஸுக்குக் கொடுக்கறதும் இந்த ஆயில்தான்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப ஆயில் கெட்டா கியர் எப்டிடா ஒயுங்கா வியும்?" என்றார். அந்த ஒரு கேள்வி இங்கே எவரும் கேட்காதது.

பேனுக்குள் ஒரு காந்தம். அதன்மேல் சாம்பல் நிறத்தில் பசை அப்பியிருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன், மையாக இருந்தது. பயமில்லை, அது ஓடி ஓடித் தேய்ந்த தூள். இரும்புத் துணுக்கு கையில் குத்தினால்தான் கியர் பாக்ஸைப் பிரிக்கிற வேலை. மாமாவும் காந்தத்தைக் கிட்டே காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "வண்டி நல்லா கீது" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. மாமாவுக்குப் பின்னால் ஷட்டர் இறக்கும் சத்தம், சித்தூர் பஸ்ஸின் ஹாரன். நான் எட்மன்டனில் இருப்பதே சற்று நேரம் மறந்துபோயிற்று.

ஃபில்டரையும் கேஸ்கெட்டையும் மாற்றினோம். போல்ட்டுகளை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று அளவாக முடுக்கினோம். வெறி கொண்டு முடுக்கினால் கேஸ்கெட் பிதுங்கி ஒழுகும். வண்டிக்கு விதித்த மெர்கான் ஃபைவ் ரக ஏடிஎஃப் ஊற்றி, ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் இன்ஜின் ஓடும்போதே அளவுக்குச்சியில் பார்த்தோம். வடித்ததைக் கேனில் பிடித்து, மாநகராட்சியின் சேகரிப்பு நிலையத்தில் கொடுத்தாயிற்று. கரையானுக்குக் கேட்க இங்கே ஆளில்லை.

இப்போது இரண்டிலிருந்து மூன்றுக்கு விழுவதே தெரியவில்லை. ஆனாலும் பேனை இறக்கினால் பாதிக்கும் குறைவாகத்தான் வடிகிறது, மீதியில் பெரும்பகுதி இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இருக்கிற டார்க் கன்வெர்ட்டரிலேயே நின்றுவிடுகிறது. கொஞ்சம் ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்ற வேண்டும். ஆயுத பூஜைக்குள் முடித்துவிடலாம் என்று இருக்கிறேன். நண்பர் தன் வேனையும் அன்றைக்குக் கொண்டுவருகிறார். அதையும் ஒரு பட்டறையில் ஆகாது என்று சொல்லிவிட்டார்களாம்.