மடையை அடைத்தும் நீர் ஒழுகினால்: என் எல்பிஐசி-2 தேர்வு அனுபவம்

லினக்ஸ் கணினிகளை நிர்வகிப்பவர்களுக்கான எல்பிஐசி-2 சான்றிதழுக்கு 201, 202 என இரண்டு தேர்வுகள். 201 சிரமமில்லாமல் முடிந்தது. மின்னஞ்சல் சேவைகளும் கணினிப் பாதுகாப்பும் வரும் 202-இல் முதல் முறை தோற்றேன். 90 நிமிடம், 60 கேள்விகள். ஈரோட்டிலிருந்து திருப்பூருக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் போர்ட் எண்களை (கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் உரிய வாசல் எண்களை) வாய்ப்பாடு போல ஒப்பித்தவன் நான். 25 எது, 993 எது என்று சொல்லத் தெரிந்தது. ஒரு சர்வரில் எதை விட்டுவைப்பது, எதை நிறுத்துவது என்று யோசிக்கத் தெரியவில்லை. (தேர்வில் என்ன கேள்விகள் வந்தன என்று கேட்காதீர்கள். வெளியில் சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறோம்.)

இரண்டாம் முறை புத்தகத்தை ஓரம் வைத்தேன். வீட்டில் கிடந்த பழைய கணினியில், அஞ்சலை அனுப்பிப் பெறும் போஸ்ட்பிக்ஸும் வந்த அஞ்சலைப் பயனர் படிக்கத் தரும் டோவ்காட்டும் நிறுவி, 'எஸ்எஸ்' கட்டளையால் எந்தெந்த போர்ட் திறந்திருக்கிறது என்று பார்த்தேன். 111-இல் ஆர்பிசிபைண்ட் (என்எப்எஸ் எனும் கோப்புப் பகிர்வு போன்றவற்றுக்கு உதவும் சேவை), 631-இல் அச்சுச் சேவை, 3306-இல் மரியாடிபி தரவுத்தளம். ஒவ்வொன்றுக்கும் எதிரே நோட்டில் எழுதினேன்: இது யாருக்காகக் காத்திருக்கிறது? முகவரியையும் சேர்த்துப் பாருங்கள். 127.0.0.1 என்றால் அந்தக் கணினிக்குள் மட்டும், 0.0.0.0 என்றால் எல்லா முகவரிகளிலும். பயனர் கணக்குகள் இருந்த மரியாடிபியை நிறுத்தவில்லை, 127.0.0.1-க்குள் அடக்கினேன்.

ஆர்பிசிபைண்ட்தான் பாடம் கற்பித்தது. என்எப்எஸ் எதுவும் இல்லையே என்று நிறுத்தினேன். மறுபடி பார்த்தால் 111 அப்படியே இருக்கிறது! கீழ்பவானிப் பாசனத்தில் மடையை அடைத்த பிறகும் வயலில் நீர் ஏறினால், வரப்பில் நண்டு வளை இருக்கிறதா என்று அப்பா தேடுவார். இங்கே வளையின் பெயர் சாக்கெட். சேவையை நிறுத்தினாலும் சாக்கெட் காத்திருந்து, யாராவது தட்டினால் சேவையை மீண்டும் எழுப்பிவிடும். நிறுத்தும்போதே திரையில் எச்சரிக்கை வந்தது, நான்தான் படிக்கவில்லை. இரண்டையும் நிறுத்தி, கணினி தொடங்கும்போது எழாதபடி முடக்க வேண்டும். வேறெதுவும் எழுப்பக் கூடாதென்றால் 'மாஸ்க்' செய்ய வேண்டும்.

உற்சாகம் மிகுந்து 25-ஐயும் அடைத்தேன். பயனர்கள் 587 வழியாக அனுப்புகிறார்களே, போதாதா? போதாது. பிற சர்வர்கள் நமக்கு அஞ்சல் கொண்டுவருவது 25-இல்தான். வெளியே போனது, உள்ளே எதுவும் வரவில்லை; காரணம் புரிய ஒரு மாலை முழுவதும் போயிற்று. 25-ஐத் திறந்துவைத்து, கண்டவர் அஞ்சலையெல்லாம் கடத்திவிடாதபடி போஸ்ட்பிக்ஸ் யாரை நம்பலாம் என்று பட்டியலிடும் 'மைநெட்வொர்க்ஸ்' வரியைச் சுருக்குவதே சரி.

வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வாலை அதற்குப் பிறகுதான் தொட்டேன். அந்த வரிசையே சரி என்பேன்: ஃபயர்வால் விதிகள் தவறி அழிந்தாலும், ஓடாத சேவையைத் தாக்க முடியாது.

கடைசியில் கணினியை மறுதொடக்கம் செய்து மீண்டும் பார்த்தேன். அச்சுச் சேவை எழுந்து உட்கார்ந்திருந்தது. நிறுத்தியவன் முடக்க மறந்திருக்கிறேன். மூன்றாம் மறுதொடக்கத்துக்குப் பிறகுதான் வெளியே தெரிபவை 22 (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய), 25, 587, 993 (அஞ்சலைப் படிக்க) என்று நின்றன. அடுத்த வாரம் கோவையில் தேர்வெழுதித் தேறினேன்.