நன்றிக்கு எத்தனை எழுத்து?

1998ல் சென்னையில் என் முதல் வேலை கோபால் (COBOL) என்ற பழைய கணினி மொழியில். ஏழாம் நெடுவரிசையில் நட்சத்திரம் போட்டால் அந்த வரி குறிப்பு. நிரல் வரிகள் எழுபத்திரண்டாம் நெடுவரிசையைத் தாண்டக் கூடாது. ஆண்டுக்கு இரண்டே இலக்கம் ஒதுக்கிய பழைய நிரல்களில் 00 என்பது 99ஐ விடச் சிறியது. 2000 பிறந்தால் வரிசை தலைகீழாகும். ஐம்பதுக்குக் கீழே இருந்தால் 20, மேலே என்றால் 19 என்று முன்னே ஒட்டவைக்கும் திருத்தத்தை நூற்றுக்கணக்கான நிரல்களில் செய்தேன். அலுக்கவே இல்லை.

பிறகு சி, ஜாவா, பைத்தான். புது மொழி கைக்கு வந்தால் நான் முதலில் செய்வது ஒன்றுதான்: 'நன்றி' என்ற சொல்லைக் கொடுத்து நீளம் கேட்பேன். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் சேமித்ததை சி எண்ணினால் 15, அவை பைட்டுகள், அதாவது நினைவகத்தின் அலகுகள். பைத்தான் 3 சொல்வது 5, புள்ளியையும் இகரக் கொக்கியையும் தனியாக எண்ணுவதால். 2014ல் வந்த ஸ்விஃப்ட் மொழி சொன்னது மூன்று: ந, ன், றி. அன்று இரவு வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் அம்மா தொடக்கப் பள்ளி ஆசிரியை. அவரும் மூன்று என்றுதான் சொல்வார்.

பைட் கணக்கு தவறு என்று சொல்லமாட்டேன், நினைவகம் ஒதுக்க அதுதான் வேண்டும். ஆனால் சொல்லைத் திருப்பிப்போடும்போது புள்ளி இடம் மாறி வேறு எழுத்தில் உட்கார்ந்துவிடுகிறதே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை. பைத்தானில் இப்போது ஓப்பன்-தமிழ் என்ற ஆயத்த நிரல் தொகுப்பைக் கொண்டு எழுத்தெழுத்தாகப் பிரித்துக்கொள்கிறேன்.