இரண்டு விதமான மஞ்சள் சுடர்

ஆய்வகங்களில் வாயுச் சுடருக்குப் பயன்படும் பழைய பன்சன் பர்னர் ஒன்றைச் சுத்தம் செய்து, எல்பிஜிக்கு உரிய ஜெட்டை (வாயு பீறிட்டு வரும் சிறு துளை முனை) மாட்டி, ஒரு வாரமாக மாலை நேரம் முழுக்க அதோடுதான் இருக்கிறேன். காற்றைக் கூட்டிக் குறைத்தால் சுடரின் நிறம் ஏன் மாறுகிறது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள ஆசை.

முதல் நாள், அடியிலுள்ள வளையத்தைத் திருகிக் காற்றுத் துளையை முழுக்க மூடிவிட்டுப் பற்றவைத்தேன். உயரமாக, சத்தமில்லாமல் ஆடும் மஞ்சள் சுடர். வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தைச் சில வினாடிகள் காட்டியதும் அடி கறுத்துவிட்டது. அந்தக் கரிதான் மஞ்சளுக்குக் காரணம். எல்பிஜியில் உள்ள புரோப்பேன் வாயு ஒரு பங்கு முழுதாக எரிய ஏறக்குறைய 24 பங்கு காற்று வேண்டும். துளை மூடியிருந்தால் அவ்வளவும் சுடரின் வெளிப்புறத்திலிருந்துதான் வர வேண்டும். காற்று வந்து சேர்வதற்குள் நடுவில் இருக்கும் வாயு சூட்டில் சிதைந்து கரித்துகள்களாகிவிடுகிறது. காய்ச்சிய இரும்பு ஒளிர்வது போல அந்தத் துகள்கள் ஒளிர்கின்றன.

துளையைத் திறக்கத் திறக்க மஞ்சள் நுனிக்கு ஒதுங்கி, அப்புறம் காணாமலே போனது. முழுக்கத் திறந்ததும் உஸ்ஸென்ற இரைச்சல். நடுவில் கூரான நீலப்பச்சைக் கூம்பு. துடைத்த கிண்ணத்தைக் காட்டினால் கரி படியவில்லை. காற்றும் வாயுவும் முன்பே கலந்து வருவதால் கரி உருவாக நேரமே இல்லை.

மறுநாள் ஒரு தவறு செய்தேன். துளை முழுக்கத் திறந்திருக்க, வாயுவை மிகவும் குறைத்துவிட்டேன். 'டப்' என்று சுடர் குழாய்க்குள் இறங்கி ஜெட்டின் மேலேயே எரியத் தொடங்கியது. கலவை மேலே வரும் வேகத்தைவிடச் சுடர் கீழே பரவும் வேகம் கூடிவிட்டால் இப்படி ஆகும். உடனே வாயுவை அடைத்து, குழாய் ஆறும்வரை தொடவில்லை. செய்து பார்ப்பவர்கள் இதை மறக்க வேண்டாம். சன்னலையும் திறந்தே வையுங்கள், காற்று போதாத சுடரிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும்.

இந்த வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது நிறமாலைப் பெட்டி. அட்டைப்பெட்டியில் மெல்லிய பிளவு ஒன்று வெட்டி, ஒளியை நிறங்களாகப் பிரிக்க உள்ளே டிவிடி துண்டைச் சாய்த்து ஒட்டினேன். அறையை இருட்டாக்கிவிட்டு மஞ்சள் சுடரைப் பார்த்தால் சிவப்பு முதல் ஊதா வரை இடைவெளி இல்லாத பட்டை. நீலக் கூம்பைப் பார்த்தால் பெரும்பகுதி இருட்டு; பச்சையில் ஒரு பட்டை, நீலத்தில் ஒன்று, ஊதாவில் மங்கலாக இன்னொன்று. பச்சையும் நீலமும் இரண்டு கார்பன் அணுக்கள் சேர்ந்த சி2 மூலக்கூறு தருவது. ஊதா, 431 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகில், ஒரு கார்பனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த சிஎச் தருவது. இரண்டும் எரியும் அந்தக் கணத்தில் மட்டும் உண்டாகி மறைபவை. அதனால்தான் நீலம் அந்தக் கூம்பில் மட்டும் அவ்வளவு அழுத்தமாக இருக்கிறது.

சரி, மஞ்சள் என்றாலே காற்றுக் குறைவு என்று நினைத்திருந்தேன். நான்காம் நாள் உப்புத் தண்ணீரைக் காற்றுத் துளைக்கு அருகில் மெல்லிய தூவலாகத் தெளித்தேன். துளை முழுக்கத் திறந்திருந்தும் சுடர் முழுவதும் ஆரஞ்சு கலந்த மஞ்சளானது! கிண்ணத்தில் கரி இல்லை. பெட்டிக்குள் பார்த்தால் 589 நானோமீட்டர் சோடியம் கோடு மட்டும் பளிச்சென்று நின்றது. கண்ணுக்கு இரண்டும் மஞ்சள்தான், ஆனால் இதை வளையத்தைத் திருகிச் சரிசெய்ய முடியாது. 1855 வாக்கில் ஹைடல்பெர்க்கில் இந்த பர்னர் உருவானபின், இதன் ஏறக்குறைய நிறமற்ற சுடரை வைத்துத்தான் விஞ்ஞானிகள் பன்சனும் கிர்க்காஃபும் 1860இல் சீசியம் என்ற தனிமத்தையும் அடுத்த ஆண்டு ருபீடியத்தையும் அவற்றின் நிறமாலைக் கோடுகளால் கண்டுபிடித்தார்கள். கரி ஒளிரும் சுடராக இருந்திருந்தால் அந்த மெல்லிய கோடுகள் அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

நேற்று பர்னர் நீலமாக எரிந்துகொண்டிருந்தபோது மேசையைத் துணியால் தட்டினேன். சுடரில் ஆரஞ்சுப் பொறிகள் எழுந்து அடங்கின. பெட்டியை எடுத்துப் பார்த்தேன்: அதே இடத்தில் அதே சோடியம் கோடு, விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.